இந்த மாதம் உங்களுக்கு என்ன வேலை?

முதியோர் இல்லத்துக்கு வருகிறவரிடமிருந்து முதலில் நழுவிப் போவது கிழமை. பார்வையும் காதும் அதற்குப் பிறகுதான். வீட்டில் இருந்தவரை மாதம் நம்மைத் தானாகவே நடத்திக்கொண்டு போனது. ரேஷன் கடை, பால் கணக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், சிலிண்டர் புக் செய்கிற நாள், பேரனின் பள்ளிக் கட்டணம், வெள்ளிக்கிழமைக்கு வீடு கழுவுவது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். சலித்துக்கொண்டேதான் செய்தோம். ஆனால் இன்று செவ்வாயா புதனா என்று யாரையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. இல்லத்துக்கு வந்ததும் அத்தனை பாரத்தையும் வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். வேளைக்குச் சாப்பாடு வருகிறது. துவைத்து மடித்த துணி கட்டிலுக்கே வருகிறது. முதல் சில வாரங்கள் நிம்மதி. பிறகு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. காலண்டர் தாளைக் கிழிக்கத் தோன்றுவதில்லை.

நான் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு, கோவைக்கு வெளியே பேரூர் தாண்டி இருக்கும் ஓர் இல்லத்தில் பல வருடங்களாக வாழ்கிறேன். பிள்ளைகள் விரட்டி வந்தவன் இல்லை. விரட்டப்பட்டு வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் துக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதியோர் இல்லம் என்றாலே கண்ணீர்க் கதை எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உள்ளே ஒரு மாதம் எப்படி நகர்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. இங்கே வாழ்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்றுதான்: ஒரு முதியவரின் மாதத்தை எத்தனை நிகழ்ச்சி வைத்தாலும் நிரப்ப முடியாது. அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அது தானாக நிரம்பிவிடும்.

எங்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாத அட்டவணை ஒட்டியிருக்கும். முன்பு அதில் தேதியும் நிகழ்ச்சியும் மட்டும் இருந்தன. டாக்டர் வருகை, பஜனை, முடி திருத்துபவர் வரும் நாள், பிறந்தநாள் விருந்து, ஞாயிறு படம். கொரோனா காலத்தில் வெளியாள் யாரும் வர முடியாமல் போனபோது அந்த அட்டவணை வெறும் கட்டங்களாக நின்றது. அப்போதுதான் இங்கே இருப்பவர்கள் கூடிப் பேசி மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தோம். தலைப்பு ‘யார் பார்த்துக்கொள்கிறார்கள்’. கொரோனா போய்விட்டது. அந்தப் பத்தி நிலைத்துவிட்டது.

காலையில் செய்தித்தாளை உரக்க வாசிப்பது, தலைமையாசிரியையாக இருந்த ஓர் அம்மாவின் வேலை. கண் தெரியாதவர்களும் எழுத்துப் பழகாதவர்களும் அவரைச் சுற்றி உட்காருவார்கள். சந்தை விலை முதலில் வாசிக்க வேண்டும். தேங்காய் விலை கேட்காமல் எங்கள் ஊர்க்காரர்கள் அரசியலுக்குப் போக மாட்டார்கள். தோட்டத்துக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஒரு விவசாயி பொறுப்பு. நூலக அலமாரி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியரிடம். படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெரியம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தோம். எல்லோருடைய பிறந்தநாளும் நட்சத்திரமும் அவருக்கு மனப்பாடம். அதனால் மாதக் கடைசியில் அடுத்த மாதப் பிறந்தநாள் பட்டியலை அவர் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்வார். அவர் கையெழுத்து இல்லாமல் பட்டியல் சுவருக்கு ஏறாது. மூன்று நாளாகச் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற சமயத்தில்கூட, ‘பட்டியல் இன்னும் வரலையே’ என்று போய் நின்றால் பேசத் தொடங்கிவிடுவார்.

என் பங்கு அமாவாசை வண்டி. பேரூர் நொய்யல் படித்துறையில் திதி கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். முதல் நாளே யார் யார் வருகிறார்கள், யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், யாருக்கு வெயில் ஆகாது என்று எழுதி வைப்பேன். காலை ஆறரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். எங்கள் பராமரிப்புப் பெண்களில் ஒருத்தி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. விடிவதற்குள் கதவைத் தட்டி, ‘அப்பாரு, எந்திரிச்சாச்சுங்களா? வண்டிக்கு நேரமாச்சுங்க’ என்பாள். அவளுக்கு முன்பே நான் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பேன். படியிறங்க முடியாதவர்களின் கையைப் பிடிக்க எங்களோடு வருகிறவர் ஒரு கிறிஸ்தவர், ரயில்வேயில் இருந்தவர். அவருக்குத் திதியும் இல்லை, படையலும் இல்லை. ஆனாலும் ஒரு அமாவாசை தவறியதில்லை. திரும்பி வந்ததும் வெங்காயம், பூண்டு இல்லாத சமையல், காக்கைக்கு முதல் பிடி. ஐப்பசி மழை, மாசிப் பனி எதுவாக இருந்தாலும் அந்த ஒரு நாளுக்காக மாதம் முழுவதும் நான் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். வளர்பிறை, தேய்பிறை எனக்குத் தவறுவதே இல்லை.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். பொறுப்பு என்ற பெயரில் முதியவர்களிடம் கூலியில்லா வேலை வாங்கும் இடங்களும் உண்டு. காய் நறுக்கு, பாத்திரம் தேய், இன்னொரு நோயாளியைக் குளிப்பாட்டு என்பது வேறு. ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கொடுக்கப்படும் வேலைக்கும், அந்த மனிதர் இல்லாவிட்டால் குறைவு தெரியும் என்று கொடுக்கப்படும் வேலைக்கும் எவ்வளவோ தூரம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். எங்கள் இல்லத்தில் ஒருவர் ஆயுள் முழுவதும் பஞ்சாலையில் மூன்று ஷிப்டிலும் உழைத்தவர். ‘எனக்கு ஒன்னும் வேண்டாமுங்க, நான் மரத்தடியில சும்மா உக்காரணும்’ என்றார். அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அவர் உட்காருவது எங்களுக்கும் சந்தோஷம்.

மறதி நோய் வந்தவர்களையும் ஒதுக்கக் கூடாது. பெற்ற மகனின் பெயர் மறந்துபோன ஒருவருக்குக் கை மறப்பதில்லை. பூக்கட்டுவது, கீரை ஆய்வது, துண்டு மடிப்பது போன்ற பழகிய கைவேலைகள் நினைவு கலைந்த பிறகும் நெடுநாள் உடலில் தங்கியிருக்கும். எங்கள் பூஜை அறைக்கு மல்லிகை கட்டித் தருகிற அம்மாவுக்கு இது எந்த ஊர் என்று தெரியாது. நூலில் பூ வைத்து முடிச்சுப் போடும் விரல்கள் ஒரு தரம்கூடத் தடுமாறாது. மாலை மங்கும் நேரத்தில் இவர்களுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். அந்த நேரத்தில்தான் பூக்கூடையை அவர் முன்னால் வைப்பது.

மாத முதல் வாரம் உடம்புக்கானது. டாக்டர் வருவார். இரத்த அழுத்தத்தை உட்கார வைத்து ஒருமுறை, எழுந்து நிற்க வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லி நர்ஸுக்குப் பழக்கியிருக்கிறார். எழுந்ததும் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் தலை சுற்றும். விழுவதற்கு அது போதும். நம் வயதில் விழுவதுதான் பெரிய எதிரி. இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர் மீண்டும் பழையபடி நடமாடுவது கடினம். அடுத்தது எடை. ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் காரணமில்லாமல் இருபதில் ஒரு பங்கு எடை குறைந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ‘வயசானா இளைக்கத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுகிற பேச்சு ஆபத்தானது. சர்க்கரைக்காரர்களுக்கு மூன்று மாத சராசரிப் பரிசோதனை. இளைஞர்களுக்குச் சொல்கிற கட்டுப்பாட்டை அப்படியே எண்பது வயதுக்காரருக்குச் சொல்லக் கூடாது, சர்க்கரை அதிகமாவதைவிட சட்டென்று தாழ்வதுதான் அவரைச் சாய்க்கும் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார். கால் நகம் வெட்டுவதும் அந்த வாரத்தில்தான். குனிந்து தன் கால் நகத்தைத் தானே வெட்ட முடியாமல் போகும் நாள் எல்லோருக்கும் வருகிறது. அந்த உதவியைக் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய இடமாக இல்லம் இருக்க வேண்டும்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்குத் தெரிந்த பயிற்சி, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. தானே கழிப்பறைக்குப் போய் வருகிற சுதந்திரம் அந்தத் தொடைத் தசையில்தான் இருக்கிறது.

முதியவர்களுக்கென்று தனி மருத்துவம் நம் நாட்டில் பழையதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராசன் முதியோர் பிரிவைத் தொடங்கியது 1978இல். ஆதரவற்ற முதிய பெண்களுக்காக சாவித்திரி வைத்தி சென்னையில் ‘விச்ராந்தி’யைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டேதான் வருகிறது. எங்களை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி இனி எல்லா வீட்டு வாசலுக்கும் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு பரபரப்பு. நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் பலர் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ரேகைக் கருவியில் விரல் வைத்தால் முதியவர்களுக்கு அடிக்கடி பதிவதில்லை. வேலை செய்து செய்து ரேகை தேய்ந்திருக்கும். ‘நான் உயிரோட இருக்கறதை இந்த மிஷின் ஒத்துக்க மாட்டேங்குதே’ என்று ஓய்வு பெற்ற ஒரு மில் கணக்குப்பிள்ளை கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி செல்போனில் வந்துவிட்டது. கட்டணம் கட்டினால் தபால்காரர் இருப்பிடத்துக்கே வந்து எடுத்துத் தருவார். இதற்கும் எங்கள் அட்டவணையில் பொறுப்பாளர் உண்டு. யாருக்கு எப்போது முடிந்தது என்று அவரிடம் ஒரு நோட்டு. முகச் சான்று எடுக்கும்போது வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கத்து ஊர்ப் பெரியவர்களும் இப்போது அவரிடம்தான் வருகிறார்கள்.

மார்கழி எங்களுக்குத் தனி மாதம். திருப்பாவைக்கு முப்பது பாட்டு, நாளுக்கு ஒன்று. பாட்டுக்கு ஒருவர் என்று முன்கூட்டியே பிரித்துவிடுவோம். குரல் நடுங்கினாலும் அவர்தான் பாட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கலாம். தன் பாட்டு எந்தத் தேதி என்று கார்த்திகையிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தத் தேதிக்குள் சளி பிடித்துவிடக் கூடாது என்று மஃப்ளர் கட்டிக்கொண்டு நடமாடுவார்கள்.

விருந்தாளிகளைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும். பிறந்தநாள், திருமண நாள், திதி என்று இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு தருகிற குடும்பங்கள் எத்தனையோ. பல இல்லங்கள் அதனால்தான் நடக்கின்றன. அந்த அன்னத்துக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் பரிமாறுவதற்கு முன் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பது வேண்டாம். நேற்றுவரை நூறு பேருக்குப் பரிமாறிய கைகள் இங்கே இருக்கின்றன. தட்டை நீட்டிக்கொண்டு நிற்பது போல அந்தக் கைகளை உலகத்துக்குக் காட்டும்போது, சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அது போதும்.

இன்னொன்று, எல்லோரும் ஒரே நாளில் வருகிறார்கள். அக்டோபர் 1 சர்வதேச முதியோர் நாள். 1990இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அன்று மூன்று குழுக்கள், மூன்று கேக், மூன்று பொன்னாடை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்படியே. ஆனி மாதத்து ஒரு புதன்கிழமை மத்தியானம் யாரும் இல்லை. ஒரு கல்லூரி மாணவன் மட்டும் மாதம் ஒரு புதன்கிழமை தவறாமல் வருகிறான். எதுவும் கொண்டு வருவதில்லை. எங்கள் விவசாயியிடம் மண்ணைப் பற்றிக் கேட்பான், வாய்க்கால் பாசனம் பற்றிக் கேட்பான், எழுதிக்கொள்வான். அவன் வரும் வாரம் அவர் திங்கட்கிழமையே ஷேவ் செய்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் நேரம். அமெரிக்காவில் விடியும் வேளை என்பதால் இங்கே வராந்தா முழுவதும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். அழைப்பு வராதவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் மிக நீளமானது. அதனால் அந்த நேரத்தில்தான் கேரம் போர்டையும் பல்லாங்குழியையும் எடுத்து வைப்பது. விளையாட்டைப் பார்த்துக்கொள்கிறவர், போன் வராத ஒருவர்தான். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது.

மாதத்தில் சில சமயம் ஒருவர் போய்விடுவார். பல இல்லங்களில் இரவோடு இரவாக உடலை அனுப்பிவிட்டு, காலையில் கட்டிலையும் சுத்தம் செய்துவிடுவார்கள். மற்றவர்கள் மனம் உடைந்துவிடக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் முறையல்ல. நாங்கள் மரணத்தைப் பார்க்காதவர்களா? தாயையும் தகப்பனையும் கணவனையும் மனைவியையும், சிலர் பெற்ற பிள்ளையையும் வழியனுப்பியவர்கள். நேற்று பக்கத்தில் சாப்பிட்டவர் எங்கே என்று கேட்டால் ‘ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காருங்க’ என்று பொய் சொன்னால், நாளை நானும் இப்படித்தான் சொல்லாமல் துடைக்கப்படுவேன் என்ற பயம்தான் வரும். எங்கள் இல்லத்தில் உடலைக் கூடத்தில் வைப்பார்கள். நடக்க முடியாதவர்களையும் தள்ளிக்கொண்டு வந்து ஒருமுறை பார்க்க வைப்பார்கள். அட்டவணையில் அவர் பெயர் அந்த மாதம் முடியும்வரை இருக்கும். அவர் பார்த்த வேலையை அடுத்து யார் எடுத்துக்கொள்வது என்று மாதக் கடைசிக் கூட்டத்தில் கேட்போம். யாராவது கை தூக்குவார்கள்.

கையில் காசில்லாமல், பிள்ளைகளும் கைவிட்டு நிற்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு சொத்தை எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. அதனால் தான செட்டில்மென்ட் எழுதும்போதே ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியற்ற முதியவர்கள் 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அது ஏட்டோடு நிற்காமல் பார்க்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. எந்த உதவிக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக, அப்பாவையோ அம்மாவையோ சேர்ப்பதற்கு இல்லம் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு. குளியலறைச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, இரவில் நர்ஸ் இருக்கிறாரா, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் கட்டாயம் கேளுங்கள். சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். மாதக் கட்டணத்தையும் எழுதி வாங்குங்கள். பிறகு மேனேஜரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: ‘எங்கம்மாவுக்கு இங்கே என்ன வேலை கொடுப்பீங்க?’ அவர் ‘அம்மா ஒன்னுமே செய்ய வேண்டாமுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று பெருமையாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த இல்லத்தைப் பாருங்கள். ‘அம்மாவுக்கு என்னங்க நல்லா வரும்?’ என்று திருப்பிக் கேட்டால், அங்கே சேர்த்துவிடுங்கள்.